கம்பவுண்டர் என்று எழுதிவைத்த டாக்டர்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு விழாவாம். இப்போது அதைக் கிளினிக் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நான்கு மாடி, லிப்ட், கண்ணாடிக் கதவு எல்லாம் வந்துவிட்டது. "விழா மலருக்கு உங்க இனிய நினைவுகள் ரெண்டு பக்கம் வேணும் ஆன்டி" என்று கேட்டார்கள். மாதிரிக்கு மலரின் அட்டையையும் காட்டினார்கள். அட்டை முழுக்க நிறுவனரின் படம். அதன் கீழே, "தொழிலாளர் காயங்களுக்குக் கட்டுப் போட்ட கைகள்."

அந்தக் கைகள் ஒரு காயத்துக்கும் கட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. அவரோடு அத்தனை வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். பையன்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் என்ன, இனிமை இல்லாமலேயே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கான்வென்ட் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை. ஜப்பான்காரன் வந்ததும் படிப்பு நின்றது. சண்டை முடிந்த பிறகு உதவி நர்ஸ் பயிற்சி. மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், பெட்பான் கழுவினேன், படுக்கை விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிக்கக் கற்றேன். இருபத்திரண்டு வயதில் இந்தக் கிளினிக்கில் சேர்ந்தேன். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மிஸ்ஸி ஆனேன்.

கிளினிக் அப்போது இரண்டு கடைவீடுகளைச் சேர்த்து இடித்துக் கட்டியது. முன்பக்கம் காய்ச்சல், இருமல் பார்க்கும் அறை. பின்பக்கம் வெள்ளைக் கல் பதித்த ஆக்சிடென்ட் அறை. வாசல் பலகையில் ஒரே பெயர்தான்: டாக்டர் தேவராஜ். பெயருக்குப் பின்னால் லண்டன் எழுத்துகள் இரண்டு வரிக்கு நீளும். அவரைப் பெரிய டாக்டர் என்போம். பின் அறையில் அடிபட்டவர்களைப் பார்த்தவர் டாக்டர் ஆறுமுகம். அவர் பெரிய டாக்டரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் சின்ன டாக்டர் என்றுதான் அழைத்தோம். அந்த அநியாயம் அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

சின்ன டாக்டர் பெயர் பலகையில் இல்லை. சம்பளப் புத்தகத்தில் இருந்தது, 'கம்பவுண்டர்' என்று. அவர் மெட்ராஸில் எல்.எம்.பி. படித்தவர். பிணத்தை அறுத்து, பிரசவம் பார்த்து, வருடக்கணக்கில் வார்டில் நின்று வாங்கிய படிப்பு. ஆனால் மலாயாவில் டாக்டராகப் பதிய வேண்டுமென்றால் லண்டனில் ஏற்றுக்கொண்ட பட்டமாக இருக்க வேண்டும். எல்.எம்.பி.யை லண்டன் ஏற்கவில்லை. ஆகவே அவர் டாக்டர் இல்லை. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தமிழ் ஆட்களோடு அவரும் போய், அங்கே காட்டுக்குள் மருந்தும் கத்தியும் இல்லாமல் மூன்று வருடம் புண்களோடு மல்லுக்கு நின்றாரே, அப்போது மட்டும் டாக்டராக இருந்தாராம். அதற்கு யாரும் பதிவுச் சான்று கேட்கவில்லை.

சயாமைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதில்லை. ஆனால் அங்கே கற்றது அவர் வேலையில் தெரியும். புண்ணைப் பார்க்கும் முன் குனிந்து முகர்ந்து பார்ப்பார். ரத்தத்தை நிறுத்தக் கையில் ரப்பர் குழாயை இறுக்கினால், அந்த நேரத்தை நோயாளியின் நெற்றியிலேயே மையால் எழுதச் சொல்வார். "சீட்டுல எழுதினா சீட்டு தொலையும். நெத்தி எங்கம்மா தொலையும்?" என்பார். அடிபட்டவர் உள்ளே வந்ததும் முதலில் பெயர் கேட்பார். அதன் பிறகு பெயர் சொல்லித்தான் பேசுவார். கத்தமாட்டார். நான் கத்தரிக்கோலை மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு சும்மா என்னைப் பார்ப்பார். மேட்ரனின் திட்டு எவ்வளவோ தேவலை.

சுகாதார இலாகாவிலிருந்து யாராவது வந்தால் ஒரு கூத்து நடக்கும். வாசலில் கார் நின்றதுமே அட்டெண்டர் கோவிந்தன் குரல் கொடுப்பார். அவர் மலாக்காவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் செட்டி கிராமத்துக்காரர். பேச்சு மலாய்தான், சாமி பெயரும் அப்பா, அம்மா என்ற சொல்லும் மட்டும் தமிழ். "மிஸ்ஸி, செப்பாட், செப்பாட்!" என்று அவர் அவசரப்படுத்த, சின்ன டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெத்தாஸ்கோப்பைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு மிக்ஸ்சர் பாட்டில்களுக்குப் பின்னால் போய் நிற்பார். கண்ணாடிக் குவளையில் சிவப்புத் தண்ணீரை அளந்துகொண்டிருப்பார். நானும் கோவிந்தனும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு நடந்தது புரியாது. வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. மில்கள் அதற்காக இன்சூரன்ஸ் எடுத்தன. இன்சூரன்ஸ் கம்பெனி தனக்குப் பிடித்த டாக்டர்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டது. பேனல் டாக்டர் என்று பெயர். பதிவு பெற்ற பேனல் டாக்டர், 'இந்த ஆளை இந்த நேரத்தில் நானே சோதித்தேன்' என்று கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு செல்லும். பெரிய டாக்டர் பேனலில் இருந்தார். அவர் பட்டத்துக்குப் பேனல், சின்ன டாக்டர் கைக்கு வேலை. இரண்டையும் சேர்த்து ஒட்டும் பசை நான்.

எப்படியென்று கேளுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் அந்த வாரத்துப் படிவங்களை நான் நிரப்பி அடுக்கி வைப்பேன். நேரம், காயம், சிகிச்சை எல்லாவற்றையும் ஆக்சிடென்ட் பதிவேட்டைப் பார்த்து எழுதுவேன். 'சோதித்த மருத்துவர்' என்ற இடத்தில் மட்டும் பெரிய டாக்டர் பெயர். அவர் கோப்பி குடித்துக்கொண்டே தாளின் கீழ் மூலையைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். "படிச்சுப் பாக்கலையா டாக்டர்?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன். "உன் ஹேண்ட்ரைட்டிங் ரொம்ப நீட் மா. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாருங்கள், எவ்வளவு மலிவாக என்னை வாங்கிவிட்டார்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், எப்போது என்று தேதி சொன்ன கூட்டம் பண்டார் ஹிலிர் திடலில் நடந்தது அல்லவா, அன்று காலை ஊரே அங்கே போய்விட்டது. கடைகள் மூடியிருந்தன. பெரிய டாக்டர் புதுக் கோட்டுப் போட்டு, ஊர்ப் பெரியவர்களுக்குப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியில் உட்காரப் போய்விட்டார். எனக்கும் போக ஆசை. "போய்ட்டு வாம்மா, நான் இருக்கேன்" என்று சின்ன டாக்டர் சொன்னார். புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது ஒரு லாரி வந்து நின்றது.

கிளேபாங் பக்கத்து ரப்பர் மில்லிலிருந்து வந்த லாரி. கூட்டத்துக்காக அன்று மில்லுக்கு விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் மேனேஜர் ஒரே ஒரு உருளையை மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறார். அந்த உருளையில் ரப்பரை ஊட்டிக்கொண்டிருந்த மாரிமுத்துவின் வலது கை ரப்பரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. கூட வந்த மண்டோர், மில் மேஸ்திரி, இதையெல்லாம் சொல்லி அவரைக் கீழே இறக்கிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மிஸ்ஸி, இன்னிக்கு மில்லு லீவு" என்று சொல்லிவிட்டு லாரியோடு போய்விட்டார்.

கையில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. சின்ன டாக்டர் அதை மெல்ல விலக்கினார். சுண்டு விரலும் மோதிர விரலும் தொங்கின. புறங்கைத் தோல் உரிந்து ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. 

"பேர் என்னப்பா?"

"மாரி... மாரிமுத்து டாக்டர்."

"மாரிமுத்து, கையை நான் பாத்துக்கறேன். உனக்கு வேற வேலை. மேல பாரு, கூரையில எத்தனை பல்லி இருக்குன்னு எண்ணிச் சொல்லு."

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாமே என்று கேட்டேன். "ரோடு பூரா ஜனம். வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள இந்தக் கை செத்துடும்" என்றார். மணி பத்தேகால். குழாயைக் கட்டினார். நான் மாரிமுத்துவின் நெற்றியில் மையால் நேரத்தை எழுதினேன். அக்குளில் மரத்துப்போக ஊசி போட்டார். கோவிந்தன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் சின்ன டாக்டர் செய்ததெல்லாம் கழுவல்தான். காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீர், பாட்டில் மாற்றிப் பாட்டில். சதை மடிப்புகளுக்குள்ளிருந்து வெள்ளை ரப்பர்த் துணுக்குகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். செத்த சதையைக் கத்தரித்தார். ரத்தம் கசியும் சதையை விட்டார். இரண்டு விரல்கள் போயின. கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மிஞ்சின.

நான் தையல் ஊசியை எடுத்து வைத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "தைக்கக் கூடாது. அழுக்குப் புண்ணை அன்னிக்கே தச்சா உள்ளுக்குள்ள அழுகும். அஞ்சு நாள் திறந்தே இருக்கட்டும். அப்புறம் தொடைத்தோல் எடுத்து மூடலாம்." விரல்கள் குவளையைப் பிடித்திருப்பதைப் போல வளைந்திருக்கும்படி மரச்சட்டம் வைத்துக் கட்டினார்.

மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை யாரோ ஒருவரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். வாசலிலிருந்தே கத்தினாள். "கைய வெட்டிட்டீங்களா? சொல்லுங்க, வெட்டிட்டீங்களா?"

"வெட்டறதா இருந்தா உன்னைக் கேட்டுட்டுத்தான் வெட்டுவேன். கேக்கலையே. போய் உக்காரும்மா" என்றார் சின்ன டாக்டர்.

அந்த நேரத்தில் திடலிலிருந்து திரும்பிய லாரிகள் ரோட்டில் போயின. "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்று ஆட்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்கள். மாரிமுத்து அரை மயக்கத்தில், "பல்லி ஏழு டாக்டர்" என்றார். அஞ்சலையோடு சேர்த்து நாங்கள் நான்கு பேரும் சிரித்துவிட்டோம். என் வேலைக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் நாள் தோல் வைத்து மூடினார். பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தினமும் மாரிமுத்து வருவார். வெந்நீரில் கையை முக்கி வைத்து, சின்ன டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார், நீட்டுவார். மாரிமுத்து வலியில் பல்லைக் கடிப்பார். "திட்டணும்னா திட்டு. ஆனா நிறுத்தமாட்டேன். இதை நிறுத்தினா தோல் இழுத்துக் கையைப் பூட்டிடும்" என்பார் சின்ன டாக்டர். ஒரு வருடமாவது இப்படிச் செய்ய வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. நான் படிவம் எழுதினேன். காலை பத்தேகால் மணி. சோதித்த மருத்துவர், தேவராஜ். அந்த நேரத்தில் அந்த மனிதர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மலாக்காவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். புடவை மாற்றிக்கொண்டு நானே அங்கே போகக் கிளம்பியவள்தானே? ஆனாலும் கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனது. அவரும் பழக்கத்தில் மூலையைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டார்.

மில்காரர்கள் அன்று மில் ஓடவே இல்லை என்று சாதித்தார்கள். மாரிமுத்து கூட்டத்துக்குப் போகிற வழியில் லாரியிலிருந்து விழுந்து கையை நசுக்கிக்கொண்டார் என்றார்கள். நான்கு மாதம் கழித்துத் தொழிலாளர் இலாகாவில் விசாரணை வைத்தார்கள். மண்டோர் வரவில்லை. மாரிமுத்துவிடம் இருந்தது எங்கள் சீட்டு ஒன்றுதான். மில்லில் அடிபட்டது நிரூபணமானால் நஷ்டஈடும் சிகிச்சையும் கிடைக்கும். இல்லையென்றால் அந்தக் கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

விசாரணைக்குப் போகும்போது பெரிய டாக்டர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் ஏற்றியதில்லை. "சிம்பிள் மேட்டர் மா. ஏதாவது கேட்டா டாக்டர்தான் பார்த்தாருன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே. சின்னவர் பேரு வந்தா அவருக்குத்தான் டேஞ்சர், புரியுதா?" என்றார். சின்ன டாக்டரைக் காப்பாற்றப் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரைக் காப்பாற்றப் போனேன் என்பது அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

அதிகாரி வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிராணி, இலாகாக் குமாஸ்தா. இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள் முதலில் பெரிய டாக்டரைப் பணிவாகத்தான் கேட்டார். புண்ணை அன்றே தைத்தீர்களா? "நேச்சுரலி. உடனே தைத்தேன்" என்றார் பெரிய டாக்டர். பிறகு அந்த ஆள் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து மேசைமேல் விரித்தார். திடலில் எடுத்த படம். முன்வரிசையில், கோட்டுப் பொத்தான் வரை தெளிவாக, எங்கள் பெரிய டாக்டர். பத்தேகால் மணிக்கு ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டார்.

பெரிய டாக்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "என் நர்ஸ் நேரத்தைத் தப்பா எழுதிட்டாங்க. நான் மத்தியானம்தான் பார்த்தேன்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். கிராணி தமிழில் கேட்டார். "யாரும்மா பார்த்தது? எத்தனை மணிக்கு?"

"பெரிய டாக்டர்தான். மத்தியானம். நான் தப்பா எழுதிட்டேன்."

சொல்லிவிட்டேன். நெற்றியில் என் கையாலேயே எழுதிய நேரம் அது. இன்சூரன்ஸ்காரர் சிரித்தார். அப்படியென்றால் காலையில் இவரை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. மத்தியானம் எங்கே அடிபட்டு வந்தாரோ யாருக்குத் தெரியும் என்றார். என் பொய் யார் தலையில் விழுந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் நான் எழுந்து நிற்கவில்லை. என் வாயை யார் தைத்தார்கள்? யாரும் தைக்கவில்லை. நானேதான்.

பின் பெஞ்சில் மாரிமுத்துவோடு உட்கார்ந்திருந்த சின்ன டாக்டர் எழுந்தார். "நான் பேசணும்" என்றார்.

யார் இவர் என்று அதிகாரி கேட்டார். பெரிய டாக்டர் அவசரமாக, "மை கம்பவுண்டர்" என்றார்.

"எல்.எம்.பி., மெட்ராஸ்" என்றார் சின்ன டாக்டர். "இந்த ஆளைப் பார்த்தது நான். காலைல பத்தேகாலுக்கு. புண்ணுக்குள்ளேருந்து ரப்பர் எடுத்தேன். கூட்டத் திடல்ல ரப்பர் உருளை கிடையாது."

கிராணி மொழிபெயர்க்காமல் தயங்கினார். தணிந்த குரலில், "ஐயா, யோசிச்சுக்குங்க. இதை எழுதுனா அப்புறம் உங்க மேல கேஸ் வரும் லா" என்றார்.

"எழுதுங்க."

பிறகு அவர் மாரிமுத்துவின் கைக்கட்டை அவிழ்த்து, கையை அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒட்டிய தோலின் விளிம்பைக் காட்டினார். மாரிமுத்துவின் வேட்டியை ஒதுக்கித் தொடையில் தோல் எடுத்த தழும்பைக் காட்டினார். "ஐயா அன்னிக்கே தச்சதாச் சொல்றாரு. அன்னிக்கே தச்சிருந்தா இந்தக் கை இப்ப இருக்காது. அஞ்சு நாள் திறந்து வச்சேன். ஏன்னு கேளுங்க, சொல்றேன்." பெரிய டாக்டரைப் பார்த்துக்கூட அவர் இதைச் சொல்லவில்லை. அதிகாரி கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு மாரிமுத்து பக்கம் வந்தது. அடிபட்டது மில்லில்தான் என்று எழுதினார்கள். ஆனால் அதில் இன்னொரு வரியும் இருந்தது. இனிமேல் சிகிச்சையும் சீட்டும் பதிவு பெற்ற பேனல் டாக்டரிடம் மட்டுமே. பேனல் டாக்டர் யார்? அதே தேவராஜ்தான். பொய்ச் சீட்டுக்காக அவரை ஒரு கடுதாசியில் எச்சரித்ததோடு சரி. அந்தக் கடுதாசியைக் கோப்பில் வைத்ததும் நான்தான். பதிவில்லாமல் வைத்தியம் பார்த்ததாகச் சின்ன டாக்டர் மேல் வழக்குப் போட்டார்கள்.

அவர் அன்றைக்கே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவில் இருந்த அறைக்குப் போய்விட்டார். "நான் ஏமாந்துட்டேன், அவரை நம்பிட்டேன்" என்று பெரிய டாக்டர் எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். மூன்றே வாரத்தில் பின் அறைக்கு இன்னொருவர் வந்தார். அவரும் மெட்ராஸ்தான், அவரும் எல்.எம்.பி.தான். சம்பளப் புத்தகத்தில் அதே வரி, அதே 'கம்பவுண்டர்'. வெள்ளிக்கிழமை வந்தது. படிவங்கள் வந்தன. ஆறிவிட்டது என்று முடிக்கும் சீட்டுகளுக்கெல்லாம் ஒரே வாசகம்தான், ஆள் யாரென்று பார்க்காமலே எழுதிவிடலாம். ஊரே கேட்க அவ்வளவு நடந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? எழுதினேன்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது அரசாங்கத் தரப்புச் சாட்சி யார்? நான். ஆதாரம் எது? என் கையெழுத்தில் இருந்த ஆக்சிடென்ட் பதிவேடு. கூண்டில் ஏறி ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார்கள். தலையில் தேங்காய் விழுந்த பையன். யார் சிகிச்சை தந்தது? அவர். மீன் முள் தொண்டையில் சிக்கிய கிழவர். யார்? அவர். வண்டிச் சக்கரத்தில் கால் மாட்டியவர். யார்? அவர். நான் படித்த ஒவ்வொரு வரியும் ஒரு குற்றம் என்று குறித்துக்கொண்டார்கள். அந்த வரிகளில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு போனவர்கள். அது எங்கேயும் குறிக்கப்படவில்லை. உண்மை சொன்னால் ஒருவர் பிழைப்பார் என்றபோது பொய் சொன்னேன். உண்மை சொன்னால் ஒருவர் கெடுவார் என்றபோது சத்தியம் பண்ணி உண்மை சொன்னேன். பெரிய டாக்டர் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை.

அபராதம் போட்டு, இனி நோயாளியைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அடுத்த வருடம் கொடி மாறியது. நானும் போய்க் கை தட்டினேன். யார் டாக்டர், யார் டாக்டர் இல்லை என்று லண்டன் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் அவசரம் இல்லை, ஏனென்றால் அந்தக் கோட்டை வைத்துத்தான் பலருக்குக் கடை நடந்தது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு முடிந்து படியில் இறங்கும்போது சின்ன டாக்டர் எனக்காக நின்றிருந்தார். நான் அழுதேன். கையைக் கூப்பினேன். அவர் அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"மாரிமுத்து கை எப்படிம்மா இருக்கு? விரல் மடங்குதா?"

எனக்குத் தெரியாது. விசாரணைக்குப் பிறகு நான் மாரிமுத்துவை ஒருமுறை, இரண்டுமுறை முன்பக்க அறையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அஞ்சலையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் உள்ளே போய்விடுவேன்.

"மடங்குது டாக்டர்."

"கட்டை விரலும் பக்கத்து விரலும் சேருதா? சேந்துட்டாப் போதும். கரண்டி புடிப்பான், சட்டைக்குப் பொத்தான் போடுவான்."

"சேருது டாக்டர். நல்லாச் சேருது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா!" என்றார். "அப்ப சரி." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஜொகூர்ப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்து மருந்துக் கிடங்கில் பாட்டில் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அங்கேயே காலமானார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சொன்ன பொய் நெஞ்சில் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கிளேபாங்குக்குப் போனேன். மாரிமுத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மிஸ்ஸி" என்றார். வலது கை மடியில் கிடந்தது. தோல் இறுகி, மூன்று விரல்களும் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு, அப்படியே பூட்டிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை விரலைப் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். மரம் மாதிரி நின்றது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் என் விரல் இரண்டு நுழைந்தது. அது இனி சேராது.

"வெந்நீர் வைக்கலையா? விரலை மடக்கி மடக்கிப் பழக்கணும்னு டாக்டர் சொன்னாரே" என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"எந்த டாக்டரு?" என்றாள் அவள். "பழைய டாக்டரு ரூமுக்கு இவுக போனாங்க. என்னைத் தொட விடமாட்டாங்கப்பா, உனக்கு வர்ற காசும் நின்னுடும்னு சொல்லி அவரே திருப்பி அனுப்பிட்டாரு. பேனல் டாக்டருகிட்டதான் போகணும்னாங்க, போனோம். மேசைக்கு அந்தாண்ட இருந்தே பாத்தாரு. கையைத் தொடக்கூட இல்ல மிஸ்ஸி. போன மாசம் சூராட்னு ஒரு கடுதாசி குடுத்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே வராதீங்கன்னாரு."

உள்ளே போய்த் தகர டப்பாவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். "இதுல என்னதான் எழுதியிருக்கு? எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

'காயம் முழுமையாக ஆறிவிட்டது. விரல்கள் நன்கு இயங்குகின்றன. வேலைக்குத் தகுதியானவர்.' பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்து கீழ் மூலையில் இருந்தது. மேலே இருந்த அத்தனை வரியும், சுத்தமாக, அழகாக, நான் எழுதியது.